வாயில்லா ஜீவனா? – இலக்கியத்தில் பூனையின் ஓசையும் மௌனமும்

வீட்டு விலங்குகளைக் குறித்துப் பேசும்போது நம் மக்கள் வழங்கும் சொற்றொடர் ஒன்று உண்டு: ‘வாயில்லா ஜீவன்’. இரக்கத்திலே பிறந்த சொல் அது. கல்லெடுத்த சிறுவனைப் பார்த்து, ‘வாயில்லா ஜீவனை அடிக்காதே’ என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர்களின் நெஞ்சில் ஈரம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இரக்கத்திலே பிறந்த சொற்கள் எல்லாம் உண்மையிலும் பிறந்தவை என்று கொள்வதற்கில்லை. ஒரு பூனையோடு ஒரே கூரையின்கீழ்ச் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் எவரும் அதனை வாயில்லாதது என்று சொல்லத் துணிய மாட்டார். அது அழைக்கிறது, கெஞ்சுகிறது, கடிந்துகொள்கிறது, மிரட்டுகிறது. பல வேளைகளில் ஒன்றுமே சொல்லாமல் நம்மைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறது. அந்த ஓசைக்கும் பொருள் உண்டு. அந்த மௌனத்துக்கும் பொருள் உண்டு. இவ்விரண்டையும் புலவர்களும் கதையாசிரியர்களும் எவ்வாறு கேட்டிருக்கிறார்கள், எங்கே கேட்கத் தவறியிருக்கிறார்கள் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘பூனைக்கு ஒரு திறனாய்வா?’ என்று நேயர்கள் நகைக்கக்கூடும். தன் சார்பில் எழுந்து மறுமொழி கூற இயலாத ஓர் உயிரை ஓர் இலக்கியம் எப்படி நடத்துகிறது என்பது அந்த இலக்கியத்தின் நேர்மைக்கு நல்ல உரைகல் என்பது என் கருத்து. இந்தக் கேள்வி எனக்கு நூலகத்தில் எழுந்ததன்று. என் வீட்டிலே எழுந்தது. அது எழுந்த விதத்தை இறுதியில் சொல்கிறேன்.

வீட்டில் கேட்கும் ஓசைகள்

முதலில், நாம் எந்த ஓசைகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். என் வீட்டிலே சாம்பல் நிறப் பெண் பூனை ஒன்று பதினோர் ஆண்டுகள் இருந்தது. அரிவாள்மணையை எடுத்து வைக்கும் ஓசை கேட்டதும் எந்த மூலையிலிருந்தாலும் அடுக்களைக்கு வந்துவிடும். அப்போது அதன் குரல் நீண்டு, முடிவில் மேலேறும். அடைத்த கதவின் முன்னே எழுப்பும் குரல் குறுகியது. வெட்டி வெட்டி வருவது. குட்டிகளை அழைக்கும்போது வாயைத் திறவாமலே தொண்டைக்குள் உருட்டும் மெல்லோசை வேறு. பின்மாடத்து ஓட்டின்மேல் அயல்வீட்டுக் கடுவனோடு நள்ளிரவில் நிகழ்த்தும் வழக்காடல் முற்றிலும் வேறு.

இவையெல்லாம் வெறும் கற்பனை அல்ல. 1944-ஆம் ஆண்டில் மில்ட்ரெட் மோல்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் வீட்டுப் பூனையின் ஒலிகளை ஒலியியல் முறைப்படி ஆராய்ந்து, பதினாறு வகைகளாகப் பிரித்து எழுதினார். வாய் மூடியபடி எழுவன, வாய் திறந்து மூடும்போது எழுவன, வாயைத் திறந்தபடியே வைத்து எழுப்புவன என்று அவற்றை மூன்று பெரும் பிரிவுகளில் அடக்கினார். இன்னொரு செய்தி இன்னும் சிந்திக்கத்தக்கது. குட்டி தன் தாயை அழைக்கும்போது ‘மியாவ்’ என்கிறது. ஆனால் வளர்ந்த பூனைகள் தமக்குள் அவ்வொலியை மிக அரிதாகவே வழங்குகின்றன. மனிதரிடம் மட்டுமே அதனை வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்கின்றன. அப்படியானால் நாம் பூனையின் மொழி என்று எண்ணும் அந்த ஒலி, உண்மையில் நமக்கெனவே அது காத்து வைத்திருக்கும் மொழியாகும். அதன் மௌனமோ அதற்கே உரியது.

மடியில் படுத்திருக்கையில் மார்புக்குள்ளிருந்து இடைவிடாது எழும் குறுகுறுப்பையும் இங்கே சொல்ல வேண்டும். மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் அறுபடாமல் தொடரும் ஓசை அது. மகிழ்ச்சியின் அடையாளம் என்று எல்லோரும் கொள்வர். ஆனால் அடிபட்டுக் கிடக்கும் பூனையும், ஈனும் நேரத்துப் பூனையும்கூட அவ்வொலியை எழுப்புவதுண்டு. ஆகவே, ஓசை கேட்டது என்பதனாலேயே பொருள் விளங்கிவிட்டது என்று எண்ணுவது பிழை. எழுத்தாளர்களை அளக்க இதுவே எனது முதல் அளவுகோல்: கேட்டதை மட்டும் எழுதுகிறாரா, கேளாததையும் கேட்டதாக எழுதுகிறாரா?

சங்கப் புலவரின் செவி

இந்த அளவுகோலைச் சங்கப் பாடல்களின்மேல் வைத்துப் பார்த்தால் பெருமிதமே மிஞ்சுகிறது. அக்காலத்தார் பூனையை ‘வெருகு’ என்றனர். அதனைப் ‘பூசை’ என்று வழங்கலும் மரபே என்று தொல்காப்பிய மரபியல் இசைவு தருகிறது. குறுந்தொகையின் 107-ஆம் பாட்டில் மதுரைக் கண்ணனார் ஒரு தலைவியைப் பேச வைக்கிறார். காதலனோடு துயின்றவளை வைகறையில் கூவி எழுப்பிவிட்ட சேவலை அவள் சபிக்கிறாள். நள்ளிரவில் வீட்டு எலிக்காகக் காத்திருக்கும் வெருகுக்கு நீ இரையாகக் கடவாய் என்பது சாபம். பாட்டின் அமைப்பைக் கூர்ந்து நோக்குங்கள். கூவியது சேவல், குற்றம் ஓசையின் குற்றம். அதற்குத் தண்டனையாக அவள் தேர்ந்தெடுப்பது ஓசையே எழுப்பாத ஓர் உயிரை. வெருகு அப்பாட்டில் ஒரு செயலும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. இருளும் மௌனமும் அதன் உடைமைகளாக நிற்கின்றன.

ஒக்கூர் மாசாத்தியாரின் 139-ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. மாலை வேளையில் வேலியோரத்தில் வெருகு வந்துவிட்டதை உணர்ந்த கோழிப்பேடு, புகலிடம் அறியாது கலங்கும் தன் குஞ்சுகளைக் கூவிக் கூட்டுகிறது. ஊரார் பழிமொழியின் இரைச்சலுக்கு அந்தக் கூவுதலைப் புலவர் உவமை ஆக்குகிறார். பூனையின் வருகை நமக்குக் கோழியின் குரலிலேதான் கேட்கிறது. அதே புலவர் 220-ஆம் பாட்டில் முல்லையின் சிறு மொட்டைக் காட்டுமிடத்து வெருகின் சிரிப்பை நினைவுகூர்கிறார். ஓசையில்லாது பல் மட்டும் தெரியும் சிரிப்பு அது. புறநானூற்றின் 326-ஆம் பாட்டிலும் இதே காட்சி உண்டு. இரவில் வெருகுக்கு அஞ்சி அலறிய இளம்பேடை, பஞ்சு தூய்மை செய்ய எழுந்த பெண்ணின் சிறு விளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அமைதியடைகிறது. எங்கும் அலறுவது கோழி. எங்கும் பேசாதிருப்பது வெருகு.

சங்கப் புலவர்கள் பூனையின் வாயில் ஒரு சொல்லையும் வைக்கவில்லை. அதன் மனத்தில் நல்லதையோ தீயதையோ ஏற்றவும் இல்லை. மற்ற உயிர்களின் ஓசைகளைக் கொண்டு அதன் ஓசையின்மையை அளந்தார்கள். இதனைவிட நேர்மையான கேட்பு வேறு எதுவாக இருக்க முடியும்? எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. இப்பாடல்களில் வெருகு வேலிக்கும் வீட்டுக்கும் இடையில்தான் உலவுகிறது. அதனோடு கூடி வாழ்ந்த ஒருவரின் குரல் இவற்றில் இல்லை.

கம்பர் தம் காப்பியத்தின் அவையடக்கத்தில் இந்தத் தொலைவை ஒரே அடியில் கடந்துவிடுகிறார். ஆரவாரிக்கும் பாற்கடலின் கரையில் நின்று, அதனை முழுவதும் நக்கிவிட ஆசைகொண்ட பூனையாகத் தம்மையே உருவகிக்கிறார். ஓசையெல்லாம் கடலுக்குரியது, ஆசை மட்டுமே பூனைக்குரியது. ஒரு பெருங்கவிஞர் தம்மைப் பூனையின் இடத்தில் நிறுத்திக்கொண்டபோதும் அதற்கு ஒரு பேச்சையும் தரவில்லை என்பது நம் கவனத்துக்குரியது.

மௌனத்தைக் கபடமாக்கிய கதைகள்

இனி, தவறிய இடத்துக்கு வருவோம். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தைக் கண்டவர்கள், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கிய தவப்பூனையை மறந்திருக்க மாட்டார்கள். முன்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தி அது நிற்க, எலிகள் அச்சமின்றி அருகே நிற்கின்றன. பஞ்சதந்திரத்தில் இக்கருத்து ஒரு முழுக்கதையாக விரிகிறது. வளையொன்றின் உரிமைக்காக வழக்கிட்ட முயலும் பறவையும், தவவேடம் பூண்ட பூனையிடம் நீதி கேட்கச் செல்கின்றன. தனக்கு வயதாகிவிட்டது, காது மந்தமாகிவிட்டது, அருகில் வந்து சொல்லுங்கள் என்கிறது அது. அருகில் வந்த இரண்டையும் பிடித்துத் தின்றுவிடுகிறது. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபஃ அரபியில் ஆக்கிய ‘கலீலா வ திம்னா’விலும் இக்கதை உண்டு. அந்த நூலின் வழியே இது மேற்கு நாடுகள் வரை சென்றது.

கதை திறமையானது, போலிப் பக்தர்களைத் தோலுரித்துக் காட்டும் அங்கதம் என்ற அளவில் என்றும் வேண்டப்படுவது. ஆனால் பூனையைப் பொறுத்தவரை இது ஒரு பெரும் அநீதி. உலகிலேயே கூர்மையான செவிகளுள் ஒன்றைப் பெற்ற உயிரைக் கதை செவிடாக நடிக்க வைக்கிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேளாது. பூனையின் செவியோ 85,000 வரை எட்டும் என்று 1985-ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. எலிகள் தமக்குள் பேசும், நமக்குக் கேளாத ஒலிகளையும் அது கேட்கிறது. வளையின் முன்னே அசையாமல் அமர்ந்திருக்கும் பூனை தவம் செய்வதாக நடிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன் மௌனம் கவனத்தின் மௌனம். அதனைக் கபடத்தின் மௌனமாகப் பெயர்த்தவர்கள் நாம்.

அந்தப் பெயர்ப்பு எவ்வளவு ஆழமாக வேரோடியது என்பதற்கு நம் பழமொழிகளே சான்று. ‘இந்தப் பூனையும் பால் குடிக்குமா?’ என்கிறோம், அமைதியாக இருப்பவனே ஐயத்துக்குரியவன் என்பது அதன் உட்பொருள். ‘பூனைக்கு மணி கட்டுவது யார்?’ என்பதும் அத்தகையதே. அதன் மௌனத்தின்மேல் ஓர் ஓசையைக் கட்டாயமாகத் தொங்கவிட்டாலன்றி நமக்கு நிம்மதி இல்லை. பேசாதவன் எதையோ மறைக்கிறான் என்னும் எண்ணம் பூனையோடு நின்றுவிடுவதும் இல்லை. வீட்டுக்கு வந்த புது மருமகள் பேசாதிருந்தாலும் அதே ஐயம். வேலைக்கு வந்த ஏழைப் பையன் பேசாதிருந்தாலும் அதே ஐயம்.

மௌலானா ரூமியின் மஸ்னவி ஐந்தாம் பாகத்தில் வரும் கதை இதற்கு ஏற்ற மறுமொழி. விருந்தினருக்காகக் கணவன் வாங்கி வந்த இறைச்சியை மனைவி உண்டுவிட்டு, பூனை தின்றுவிட்டது என்கிறாள். கணவன் ஒரு தராசைக் கொண்டுவரச் செய்து பூனையை நிறுக்கிறான். பூனையின் நிறையும் இறைச்சியின் நிறையும் ஒன்றாகவே இருக்கின்றன. தட்டில் இருப்பது பூனையென்றால் இறைச்சி எங்கே, இறைச்சியென்றால் பூனை எங்கே என்று அவன் கேட்கிறான். ரூமி இதனை உடலையும் உயிரையும் பற்றிய தத்துவமாகக் கொண்டுசெல்வார், அது வேறு. கதையளவில் நம்மைத் தொடுவது, குற்றம் சாட்டப்பட்ட பூனை கடைசிவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதுதான். பஞ்சதந்திரத்தில் பேசிய பூனை குற்றவாளி. ரூமியிடம் பேசாத பூனை நிரபராதி. பேச இயலாதவர்மீது பழி போடுவது எவ்வளவு எளிது என்பதையும், அவருக்கு நீதி வழங்க ஒருவர் தராசைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதையும் இக்கதை சொல்லாமற் சொல்கிறது.

எழுத்தெண்ணிய அறிஞரும் விழியிழந்த கவிஞரும்

பூனையின் குரலை உண்மையிலேயே செவிகொடுத்துக் கேட்டவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால், நான் பஸராவின் அல்ஜாஹிழைச் சுட்டுவேன். ஹிஜ்ரி 255-இல் மறைந்த அந்தப் பேரறிஞர் தம் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் நூலில் வியத்தகு யோசனை ஒன்றைக் கூறுகிறார். நள்ளிரவில் பூனைகள் ஒன்றையொன்று மிரட்டியும் ஒன்றுக்கொன்று விடையிறுத்தும் எழுப்பும் ஒலிகளைப் பொறுமையாகக் கேட்டு, அவற்றில் எத்தனை எழுத்தொலிகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள் என்பது அந்த யோசனை. அவற்றுக்கு மனிதரின் தேவைகளும் அறிவும் ஆற்றலும் இருந்து, அவ்வெழுத்துகளைக் கோத்தும் வைத்திருந்தால், நடுத்தரமான ஒரு மொழியே அமைந்திருக்கும் என்கிறார் அவர். மோல்கின் பதினாறு வகைப் பட்டியலுக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கூற்று இது.

இதில் அறிஞரின் கட்டுப்பாட்டைக் கவனிக்க வேண்டும். பூனைக்கு மொழி உண்டு என்று அவர் கூறவில்லை. மொழிக்கு வேண்டிய எழுத்துகள் உண்டு என்றே கூறினார். ‘இருந்திருந்தால்’ என்னும் ஒரு சொல்லை அவர் கைவிடவில்லை. கேட்டதற்கும் கேளாததற்கும் இடையே ஒரு கோடு கிழித்து, அக்கோட்டிலேயே நின்றார்.

அவருக்குப் பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்துப் பக்தாதில் மறைந்த இப்னுல் அல்லாஃப், பூனையின் இறப்புக்கு ஒரு நீண்ட இரங்கற்பா பாடினார். அயலாரின் புறாக்கூடுகளில் புகுந்து குஞ்சுகளைத் தின்ற அவரது பூனையை அவர்கள் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். இப்னு கல்லிகான் தம் வரலாற்று நூலில் இப்பாட்டைப் பற்றி உலவிய செய்திகளைத் தொகுத்துத் தந்துள்ளார். கவிஞர் அழுதது பூனைக்காக அன்று, ஒரே நாள் கலீஃபாவாக இருந்து 908-இல் கொல்லப்பட்ட கவிஞர் இப்னுல் முஃதஸ்ஸுக்காகவே என்பது ஒரு செய்தி. அரசை அஞ்சி அப்பெயரைச் சொல்ல மாட்டாமல் பூனையை முன்னிறுத்தினார் என்பர். வேறு பெயர்களைச் சொல்வோரும் உண்டு. உண்மையாகவே பூனைதான் என்பாரும் உண்டு.

திறனாய்வாளர் பலரும் முதற் செய்தியையே விரும்புவர். பூனைக்குப் பின்னே ஓர் இளவரசர் நிற்பது பாட்டுக்குப் பெருமை சேர்ப்பதாக அவர்களுக்குத் தோன்றும். நான் அவசரப்பட விரும்பவில்லை. இப்னுல் அல்லாஃப் பார்வையற்றவர். அவருக்குப் பூனை என்பது நிறமன்று, உருவமன்று. ஓசையும் தொடு உணர்வுமே. காலடி கேளாமல் வந்து மடியேறும் ஒரு வெம்மை. இருட்டில் ஒரு குறுகுறுப்பு. அது ஒருநாள் நின்றுபோனால் அவர் வீட்டில் விழும் மௌனம் எத்தகையது என்பதைக் கண்ணுள்ளவர் எளிதில் உணர்ந்துவிட முடியாது. இளவரசருக்கான கண்ணீரும் பூனைக்கான கண்ணீரும் ஒரே பாட்டில் ஓடியிருக்கக் கூடாதா? இங்கே மௌனம் இருமடங்காகிறது: பூனையின் மௌனமும், பெயரைச் சொல்லத் துணியாத கவிஞரின் மௌனமும். ஒன்றை மற்றொன்றுக்கு வெறும் திரையாக்கினால் பாட்டின் பாதியை இழந்துவிடுவோம்.

சுற்றி வருபவை

ஹதீது நூல்களில் பூனை பேசுவதில்லை. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணைநின்ற படலத்’தில் மான் வாய்திறந்து தன் கன்றுக்காக மன்றாடுகிறது, அது அற்புதத்தின் இலக்கணம். ஆனால் முவத்தாவிலும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவான ஒரு நிகழ்ச்சியில் அற்புதம் ஏதுமில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்வதற்காக மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றி வைக்கிறார். ஒரு பூனை வந்து அதில் வாய்வைக்க முனைகிறது. அவர் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து அது குடிக்க வழிசெய்கிறார். மருமகள் வியந்து நோக்குவதைக் கண்டதும், பூனை அசுத்தமானதன்று, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நினைவூட்டுகிறார். ‘தவாஃப்’ என்னும் சொல்லின் வேரிலிருந்தே ‘சுற்றி வருபவை’ என்னும் சொல்லும் எழுகிறது. பூனை ஒரு சொல்லும் கேட்கவில்லை, பாத்திரம் சாய்ந்தது. வீட்டில் உடன் வாழும் ஓர் உயிரின் உரிமை அது எழுப்பும் குரலால் வருவதன்று, சுற்றி வரும் பழக்கத்தால் வருவது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன உரைநடையை நான் படித்ததில்லை.

புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள மற்றொரு செய்தி கடுமையானது. பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு உள்ளானாள் என்பது. அந்தப் பூனை கதறியிருக்கும். பின் கதறல் ஓய்ந்திருக்கும். அந்த வீட்டில் கேட்காமற்போன குரல் வேறோரிடத்தில் கேட்கப்பட்டது.

இவ்வளவு வலிமையான மூலங்கள் இருக்க, மேடைகளிலும் சிறுவர் நூல்களிலும் அடிக்கடி எடுத்துரைக்கப்படுவது எது? தமது மேலாடைக் கையின்மீது உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி நபிகளார் துணியை வெட்டினார்கள் என்னும் கதை. ஹதீதுத் தொகுப்புகளில் அதற்கு இடமில்லை. இக்கதை ஹிஜ்ரி 578-இல் மறைந்த அஹ்மதுர் ரிஃபாஈ அவர்களின் வாழ்க்கை வரலாற்றில் வருவது. அவ்வரலாற்றின்படி, தொழுகை முடிந்து திரும்பி வந்தபின் வெட்டிய துணியை மீண்டும் தைத்துக்கொண்டார்கள். அந்தத் தையலைத்தான் நான் போற்றுகிறேன். ஓர் உயிரின் உறக்கத்துக்காகத் துணியை வெட்டியவர், பின்னர் ஊசியை எடுத்து அமைதியாக வேலையைப் பார்க்கிறார். அன்பைப் பறைசாற்றாத அன்பு அது. உரியவரிடம் உரியதைச் சேர்ப்பது நம் எழுத்தாளரின் கடமை. அழகான கதை என்பதனால் அக்கடமை தளர்ந்துவிடாது.

பேச வைத்த ஒருவர்

பூனையைப் பேச வைத்தவர்கள் எல்லோரும் தவறியவர்களா? அல்லர். ஜப்பானிய நாவலாசிரியர் நாட்சுமே சோசெகி 1905-இல் இதழொன்றில் வெளியிடத் தொடங்கி 1906-இல் முடித்த ‘நான் ஒரு பூனை’, முழுவதும் ஒரு பூனையின் கூற்றாகவே அமைந்தது. பூனை பெரும் படிப்பாளியைப்போல் பேசுகிறது. எசமானரான பள்ளியாசிரியரையும் அவருடைய நண்பர்களையும் எள்ளி நகையாடுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பஞ்சதந்திரத்தின் பிழையே இங்கும் நிகழ்வதாகத் தோன்றும். ஆனால் சோசெகி ஒரு வரம்பை மீறவில்லை. பூனை பேசுவது வாசகரிடம் மட்டுமே. அவ்வீட்டில் ஒருவருக்கும் அதன் பேச்சுக் கேட்பதில்லை. அதற்கு ஒரு பெயரும் இடப்படவில்லை. கடைசியில் மீந்திருந்த பீரைக் குடித்துத் தள்ளாடி, தண்ணீர்த் தாழியில் விழுந்து இறக்கும்போதும் எவரும் கேட்கவில்லை. நூல் முழுதும் பேச்சாக இருந்தும் நூலின் பொருள் மௌனமே: கூடியிருந்து ஓயாமல் பேசும் கற்றவர்களுக்கு நடுவே, கேட்கப்படாமல் வாழ்ந்த ஓர் உயிர். அந்நாவலுக்குத் தூண்டுதலான அவரது வீட்டுப் பூனை 1908-இல் இறந்தபோது, சோசெகி அறிமுகமானவர்களுக்கு அஞ்சலட்டையில் இறப்புச் செய்தி அனுப்பினார். அதற்கும் அவர் பெயரிட்டிருக்கவில்லை.

நம் நாளில் வளர்ப்புப் பூனையைப் பற்றி எழுதப்படுபவை பெருகிவிட்டன. பெரும்பாலானவற்றில் பூனை எசமானரின் தனிமைக்கு ஆறுதல் சொல்கிறது, அவர் துயரத்தை உணர்ந்து கண்கலங்குகிறது, அவரை மன்னிக்கிறது. எழுதுபவர் தம் நெஞ்சோடு தாமே பேசிக்கொண்டு, பூனை பேசியதாகக் கையொப்பம் வாங்கிக்கொள்கிறார். பழைய கதைகள் மௌனத்தில் கபடத்தை ஏற்றின. புதியவை அன்பை ஏற்றுகின்றன. ஏற்றுவது இனிமையானது என்பதனால் அது கேட்பதாகிவிடாது.

என் வீட்டில் நடந்தது

தொடக்கத்தில் சொல்வதாக வாக்களித்ததை இப்போது சொல்கிறேன். என் உம்மா கடைசி இரண்டாண்டுகள் பக்கவாதத்தால் பேச்சிழந்து கிடந்தார்கள். சாம்பல் பூனை அவர்கள் கால்மாட்டிலேயே படுத்திருக்கும். உறவினர் வந்து கட்டிலைச் சூழ்ந்து நின்று உம்மாவைப் பற்றி உம்மாவின் முன்னிலையிலேயே பேசுவார்கள். ‘அவர்களுக்கு என்ன, ஒன்றும் கேட்பதில்லை, தொல்லையில்லை’ என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பனிக்கால இரவில் அந்தப் பூனை என் அறைவாசலில் வந்து கத்தியது. நான் அறிந்த அடுக்களைக் குரலன்று, கதவுக் குரலுமன்று. மும்முறை கத்தியது. நான் படுத்தபடியே அதட்டினேன்; குரல் நின்றது; உறங்கிவிட்டேன். சுபுஹு பாங்கு கேட்டு எழுந்து சென்றபோது உம்மாவின் போர்வை தரையில் கிடந்தது. தண்ணீர்க் குவளை கவிழ்ந்திருந்தது. அவர்கள் விழித்தபடியே நடுங்கிக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாழிகை அப்படிக் கிடந்தார்களோ! கட்டில் சட்டத்தில் விரல் மோதி மோதிக் கணுவில் தோல் உரிந்திருந்தது.

உம்மாவுக்காகவே பூனை வந்து என்னை அழைத்தது என்று எழுதினால் இக்கட்டுரை நெஞ்சை உருக்குவதாக முடியும். ஆனால் அது எதற்காகக் கத்தியது என்பதை நான் அறியேன். கவிழ்ந்த குவளையின் ஓசைக்கு மிரண்டிருக்கலாம், குளிர்ந்திருக்கலாம். அறிந்ததாக எழுதினால், மேலே நான் குறைகூறிய ஆசிரியர்களின் வரிசையில் நானும் சேர்ந்துவிடுவேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: அவ்வீட்டில் அன்றிரவு இரண்டு ஓசைகள் எழுந்தன, ஒன்றை அதட்டினேன், மற்றதைக் கேட்கவே இல்லை.

அதன்பின் உம்மாவின் அறையிலேயே படுத்துக்கொண்டேன். ஒரு விரல் தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. ஒன்றுமே தட்டாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரங்களும் இருந்தன. அந்த நேரங்கள் அவர்களுக்கே உரியவை என்பதும் விளங்கியது. அல்ஜாஹிழ் எழுத்துகளை எண்ணச் சொன்னதன் பொருளை நான் நூலிலே கற்பதற்குமுன் அந்தக் கட்டிலருகே கற்றேன்.

உம்மா மறைந்த மறு ஆண்டில் பூனையும் ஒருநாள் ஓசையின்றி வெளியே சென்று திரும்பவில்லை. இன்று என் பேரப்பிள்ளைகள் வேறொரு பூனையை வளர்க்கிறார்கள். அதை அவர்கள் துன்புறுத்தும்போது கண்டிக்கிறேன். ஆனால் ‘வாயில்லா ஜீவன்’ என்னும் சொல்லை மட்டும் அவர்கள் முன்னே நான் வழங்குவதில்லை.